நாசி லெமாக் கலக்கிவிட்ட பிளாஸ்மா

அண்ணனைக் கட்டுறதுக்கு முன்னாடியே எனக்கு லேப் கூட்டாளியான சரோஜா அண்ணிக்கு,

நீங்க சொன்னது சரி அண்ணி! சிவப்பு லேசர் பட்டா பிளாஸ்மாவுல இருக்கிற புரதம் மாறுது. கொஞ்சமாத்தான், ஆனா மாறுது. எல்லாக் குழாய்லயும் ஒரே பக்கமா நகர்ந்திருக்கு.

ரத்தத்தைக் கருவியில சுத்தவிட்டு, மேல தங்குற மஞ்சள் நீரை, அந்தப் பிளாஸ்மாவை, ரெண்டாப் பிரிப்பீங்க. ஒரு பாதிக்கு மெல்லிய லேசர், மறு பாதி இருட்டுல. அளந்து பாத்தா லேசர் பட்ட பாதியில புரத அளவு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். "சரோஜாவுக்குக் கவனம் பத்தல"ன்னு சொல்லி நம்ம லேப் தலைவர் அந்த ஆராய்ச்சியையே மூடிட்டார். அந்தப் பேரோடயே போன வருஷம் நீங்க கண்ணை மூடினதுதான் என்னைத் தின்னுக்கிட்டே இருந்துச்சு.

இப்ப புவாசா, நோன்பு மாசம். கருவி சும்மா கிடக்கேன்னு நம்ம லேப்ல இருக்கிற ஹஃபிசையும் நூரையும் ரத்தம் கேட்டேன். நோன்பு வயித்தோட சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுக்கொரு குழாய் குடுத்தாங்க. அலமாக்! சமையல் எண்ணெய் மாதிரி தெளிஞ்ச மஞ்சள். நம்ம பழைய குழாயெல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்குமே? அத்தனையும் கொழுப்பு. அது மேல மிதந்ததுல ரெண்டு பாதியும் ஒண்ணா இருக்கவே இல்ல. மாசம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன்.

அந்தக் கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு? ரத்தம் குடுக்க வர்றவங்க மயங்கிடக்கூடாதுன்னு, ரெங்கம் ஸ்டால்ல தேங்காய்ப்பால்ல வெந்த நாசி லெமாக் சோறு வாங்கிட்டு வந்து, ஊசிக்கு முன்னாடியே ஊட்டாத குறையா சாப்பிட வச்சது யாரு? "அப்புறமா குடேன் மீனா"ன்னீங்க. "வெறும் வயித்துல எடுப்பாங்களா லா, பாவம்"னு உங்க வாயை அடைச்சது நான்தான். பெரிய தர்மப் பிரபு!

நேத்து குதிச்சேன், குதிச்சுக்கிட்டே அழுதேன். ஹஃபிஸ் பயந்துட்டான். மன்னிப்பீங்களா அண்ணி?

வெள்ளிக்கிழமை கூட்டம். அறிக்கையில முதல் பேர் உங்களோடதுதான். தலைவர் முன்னாடி எழுந்து நின்னு, கவனம் பத்தாதது சரோஜாவுக்கு இல்ல, எனக்குன்னு சொல்லுவேன். வேலை போனாலும் சொல்லுவேன். அண்ணனையும் கூட்டிட்டுப் போறேன், அவர் காதாலயே கேக்கட்டும்.

உங்க நாத்தனார்,
மீனா