ஜாம் போத்தலுக்குள் ஒரு வைரஸ்

எடியே, இன்று ஆய்வுகூட மேசையைத் துடைக்கும்போது உன் ஜாம் போத்தல் உருண்டு என் காலடியில் விழுந்தது. உடையவில்லை. உள்ளே கிடந்த காந்தத் துண்டுகள் உருண்ட உருளலில் தாமாகவே ஒட்டிப் பந்தாகியிருந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. நீ போன பின்னும் அந்தச் சனியன் ஒழுங்காக ஒட்டுகிறது.

வெள்ளவத்தை வீட்டில் உன் அம்மாவுக்கு இதைக் குலுக்கிக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? "டெங்கு வைரஸுக்கு வெளிக்கோது இருக்கு. அதை ஒருத்தரும் கட்டுறேல்லை அம்மா, துண்டுகள் தானாய் வந்து சேரும்" என்றாய். பிறகு வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து ஒரு துண்டில் அப்பிக் குலுக்கினாய். பந்து சேரவில்லை. "இதுதான் நாங்கள் செய்யிற மருந்து."

"அட, இவ்வளவுதானே பிள்ளை!" என்று அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார். நாம் சிரித்தோம். கண்ணாடித் தட்டில் நம் மருந்து வைரஸைச் சேரவிடாமல் தடுத்தது உண்மைதான். மனித ஈரலின் உயிர்க்கலங்களையும் சேர்த்துக் கொன்றதை அவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

பிறகு உனக்கே டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லாப்பில இருக்கிறதைக் கொண்டு வா பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"அம்மா, அது மனுசருக்கு நஞ்சு. அவளை விடுங்கோ" என்று நீதான் முனகினாய். அவர் நம்பவில்லை. போத்தலில் கண்ணால் பார்த்தவராயிற்றே.

உன் செத்த வீட்டில் அவர் என் முகம் பார்க்கவில்லை. "வைச்சுக்கொண்டு தரேல்லை" என்று யாருக்கோ சொல்லி அழுதது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஈரலைத் தொடாதபடி அந்த மருந்தை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறேன். ஈரல் தப்பினால் வைரஸும் தப்பிவிடுகிறது.

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். என் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து பயந்து பயந்துதான் போனேன். இலையின் முன் இருந்தபோது அம்மா சோற்றுச் சட்டியோடு வந்து நின்றார்.

"இப்பவாவது அது சரிவந்திட்டுதோ?"

"இல்லையம்மா. இன்னும் ஒண்டும் சரிவரேல்லை."

சட்டியைக் கீழே வைத்தார். பிறகு என் தலையைத் தடவி, "அப்ப அண்டைக்கு உண்மையாய் உன்னட்ட மருந்து இருக்கேல்லைத்தான்" என்று சொல்லிச் சோறு போட்டார்.

நான் தோற்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு ஓர் ஆறுதல், எடி. நாளையும் கலங்களில் மருந்தூற்றிப் பார்க்கத்தான் போகிறேன். எனக்கு வேறென்ன தெரியும்? ஆனால் என்றாவது அது சரிவந்துவிட்டால், அந்தச் செய்தியை உன் அம்மாவிடம் யாரடி கொண்டுபோவது?