உன் பெரியப்பாவிடம் கேட்டேன்

சமயநல்லூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அப்பா அழகுராஜா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பாண்டி கோயில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். பதினைந்து நாளைக்கு முன்னால் கோபித்துப் போனை வைத்த மனுஷன் இன்றைக்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைப்பாய். பயப்படாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி எழுதிப் பழகிய கண்டக்டர் கை இது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய், ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிய சமயம். நீ ஆசையாக விசாரித்தாயே என்று நான் வீடியோவில் போனைத் தூக்கி அவர் பக்கம் காட்டினேன். உடனே நீ, போனைத் திருப்புங்கப்பா, பெரியப்பா மேல துணி ஒழுங்கா இல்ல, அவர்கிட்டக் கேட்டுட்டா காட்டுறீங்க, பேச்சுதான் போயிருக்கு, காது போகலப்பா என்றாய். இடது கையை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றும் சத்தம் போட்டாய். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கூடப்பிறந்த அண்ணனைக் காட்டுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், ரெண்டு வருஷம் சீமையில் கிழவர்களைக் குளிப்பாட்டியவள் எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது தாயி. தப்பு என்னுடையதுதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிடாதே, நம்மைக் காட்டான்கள் என்பார்கள். நீ பேசியதற்குப் பிறகு பெரியப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. பத்து நாளாக மூடிய கண் மூடியபடி. போன வெள்ளிக்கிழமை காலையில் நம் பங்காளி ஜெயபாண்டி சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, உசுரு போகமாட்டாம இழுத்துக்கிட்டுக் கெடக்கு, மண்ணாசைதான் பிடிச்சு நிறுத்துது, கிணத்துக்காட்டு மண்ணைக் கரைச்சு வாயில ஊத்துங்க, நிம்மதியாப் போய்ச் சேரட்டும் என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டதோடு நின்றேனா, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் காட்டில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தவனும் உன் அப்பன்தான். அண்ணன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் போனேன். நம் சனம் காலம் காலமாகச் செய்வதுதானே என்று போனேன்.

கூடப்பிறந்தவன் என்பதால் முதல் வாய் என்னைத்தான் ஊற்றச் சொன்னார்கள். மண் கரைத்த டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்தேன். குழாயைப் பிடுங்குகிறார் என்று பெரியப்பா மகன், உன் அண்ணன் அசோக்குமார் அவர் இடது கையைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தான், ஒரு தடவை பிடுங்கியதும் உண்மைதான். கையைக் கட்டியபடியே அண்ணனை அனுப்புவதா என்று நினைத்து நானே முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்ததுதான் தாமதம், அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஜெயபாண்டி, அது வெறும் உதறல்டா, ஊத்து ஊத்து என்கிறார். எனக்கோ நீ சொன்னதுதான் காதில் நிற்கிறது. வெட்கத்தை விட்டு அத்தனை பேர் முன்னாலும் குனிந்து, அண்ணே நான் அழகு, நான் பேசுறது கேக்குதுன்னா கையை ரெண்டு தடவை அமுக்குண்ணே என்றேன். அமுக்கினார் தாயி. ஒன்று, இரண்டு. இந்தத் தண்ணியைக் குடிக்கிறியாண்ணே என்று கேட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் என்ன, என் கையில் விசில் ஒன்றுதான் இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸிலிருந்து கூட்டத்தை இறக்கிவிட்டவனுக்கு ஒரு ரூமைக் காலி பண்ண எம்புட்டு நேரம் ஆகும்? எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ஜெயபாண்டி இன்னும் என்னோடு பேசவில்லை, போகட்டும், அடுத்த கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகப் பேசுவார். கதவைச் சாத்திவிட்டு, வலிக்குதாண்ணே, பசிக்குதாண்ணே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அமுக்கவே இல்லை. கை மட்டும் சும்மா இருக்கவில்லை, குழாய்ப் பக்கமும் போகவில்லை, இடுப்புக்குக் கீழே தடவித் தடவி, நழுவிக் கிடந்த வேட்டியை இழுத்து மேலே போட்டுக்கொள்ளப் பார்த்தது. கூச்சமா இருக்காண்ணே என்று கேட்டேன். இரண்டு தடவை அமுக்கினார், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முன்ரூமில் கட்டிலைப் போட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவர், பெற்ற மகள், மருமகள் எல்லாரும் நிற்க நிற்க டயபர் மாற்றியிருக்கிறோம். தோளில் துண்டு இல்லாமல் தெருவில் இறங்காத மனுஷன். எங்கள் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார், நாங்கள் அதைச் சாவு என்று நினைத்து மண் கரைத்திருக்கிறோம். நீ போனில் ஒரு நிமிஷத்தில் பார்த்ததைப் பத்து நாள் பக்கத்தில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே கட்டிலை உள்ரூமுக்கு மாற்றினோம். இப்போது நானும் அசோக்குமாரும் மட்டும்தான் மாற்றிவிடுகிறோம், அதுவும் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேலே போர்வை போட்டு. அசோக்குமாரைத் தப்பாக நினைக்காதே, பழங்காநத்தத்தில் டயர் கடையை அடைத்துவிட்டுத் தகப்பன் பக்கத்திலேயே கிடக்கிறான், அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கையைக் கட்டுவதை விட்டுவிட்டோம், யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்கிறோம், குழாய் பத்திரமாக இருக்கிறது. வாரா வாரம் வீட்டுக்கு வரும் நர்ஸ் சரண்யாதேவியிடம் மண் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டு, ஒரு வாய் ஊத்தியிருந்தாலும் நுரையீரலுக்குத்தான் போயிருக்கும், நல்லவேளை தப்பிச்சீங்க என்றது. கேட்ட பிறகு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுங்குவதை டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குழாயில்தான் கஞ்சி. ஆனால் கண்ணைத் திறந்துவிட்டார், நேற்று தலையணை முட்டுக் கொடுத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்குள் தன் கையாலேயே கரண்டி பிடித்துச் சாப்பிடுவார், நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு வேலை பார்க்கிறாள், நான் சொன்னால் கேட்கிறாளா, நீ சொல். ஒத்தக்கடைப் பக்கமிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது, உன்னைக் கேட்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன், பார்த்தாயா, அப்பனுக்கும் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. காதை மூடிக் குல்லாய் போடு, நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே உன் கையில் இருக்கும் பெரியவர்களுக்கு நீ ஒரு குறையும் வைக்கமாட்டாய் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று, எனக்கும் அறுபத்து நாலு ஆகிறது. நாளைக்கு நான் இப்படிக் கிடந்தால் ஊர் சொல்வதை, சொந்தம் சொல்வதை எல்லாம் அப்புறம் கேள். முதலில் என் காதுப் பக்கம் வந்து என்னைக் கேள் ஆத்தா.

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் எல்லாம் எழுந்து உட்கார வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்றாயே, நம்மூர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு. செவ்வாய்க்கிழமை அவரிடம், பாண்டீஸ்வரியை வீடியோல பாக்குறியாண்ணே என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஏண்ணே என்றால் இடது கையால் கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டுகிறார், ஒரு மாதத் தாடி. நேற்று ஆளைக் கூட்டிவந்து சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தோளில் துண்டு போட்டு, கண்ணாடியையும் காட்டிவிட்டு மறுபடி கேட்டேன். இரண்டு தடவை அமுக்கினார்.

இப்படிக்கு,
உன் வருகைக்கும் வார்த்தைக்கும் காத்திருக்கும் அப்பா,
க. அழகுராஜா.