செங்கல் அடுக்கிய காரணம்

இந்தாம்மா,

நீ நல்ல தூக்கத்தில் இருந்தாய், எழுப்பவில்லை. பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போகிறேன். மத்தியானம் சோற்றுக்கு வந்துவிடுவேன். பின்வாசல் சாவி உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்று வாசலில் செங்கல் மேல் செங்கல் அடுக்கி, காலைத் தூக்கி வை என்றேன். "உங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சா" என்று திட்டிக்கொண்டே வைத்தாய், அதோடு பேச்சையும் நிறுத்தினாய். புத்தி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பெரிய டயர் போட்டால் வண்டி உயரும். நம்ம கல்லு ரோட்டில் அடி இடிக்காமல் போக அது வேண்டியதுதான். ஆனால் உன் முட்டி அந்த உயரத்துக்கு மடங்குமா? வாய்விட்டுக் கேட்டால் மடங்கும் என்றுதான் சாதிப்பாய். அதற்குத்தான் செங்கல்.

நீ காலை வைத்த உயரத்துக்குக் கயிறு அறுத்துப் பையில் வைத்திருக்கிறேன். கடைக்காரன் டேப்பை எவன் நம்புவான்? டயரை மாட்டச் சொல்லி, தரையிலிருந்து கதவடி வரைக்கும் என் கயிறு எட்டினால்தான் வாங்குவேன்.

உன் மகன் கேட்கிற ராட்சச டயரும் கிடையாது, வெளியே துருத்திக்கொண்டு சேற்றை வாரி அடிக்கிற அகல வீலும் கிடையாது. பழைய இரும்பு வீலே போதும். அவன் மூஞ்சியைத் தூக்கினால் நீ வக்காலத்து வாங்காதே. நீ ஏறாத வண்டிக்கு எந்த டயர் போட்டால் என்ன.

மறந்துவிட்டேன். கயிறு கொஞ்சம் பத்தாமல் போனால், வெல்டிங்காரனிடம் உன் பக்கத்துக் கதவுக்கு மட்டும் ஒரு படி வைக்கச் சொல்வேன். உன் மகன் குதித்து ஏறட்டும்.

சாயங்காலம் ஏறிப் பார்க்கணும், தயாராக இரு. பேசாவிட்டாலும் பரவாயில்லை.