வலப்பக்க ஜன்னல்

பிப். 4, செவ்வாய்

கடும் பனி. எட்டு மணி வரை எதிர் வீடு தெரியவில்லை. மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை.

தாம்பரத்திலிருந்து மகள் பிரின்சி போன். பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்து திரும்ப எங்கள் இருவருக்கும் சென்னை - சேலம் விமானம், அவள் செலவில். சேலத்தில் இறங்கி மறுபடி கள்ளக்குறிச்சிக்கு பஸ். "தலைய சுத்தி மூக்க தொடறீங்க" என்று கீழ் வீட்டு பாய் சிரிக்கிறார்.

ஸ்டெல்லாவுக்கு ஒரே ஆசை. கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலையை மேலேயிருந்து பார்க்கணும். ஒன்பது வருஷம் அங்கே டீச்சர். பஸ்ஸிலேயே போகலாமே என்றால், "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்? நடு வருஷத்துல சொல்லாம வந்தவ" என்பாள். வரவைத்தவன் நான். அவள் பேரில் மாற்றல் மனு எழுதி, கையெழுத்தும் நானே போட்டேன். பதினாறு வருஷம் ஆச்சு.

"ஜன்னல் எந்தப் பக்கம்பா?" என்றாள் பிரின்சி.

வலது என்றேன்.

"இடது எடுக்கச் சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா. "காலைல ஸ்கூல் பிரேயர்ல நிக்கசொல்ல பிளேன் எங்களுக்கு வடக்கால போவும். அப்ப மலை இடக்கைப் பக்கம்தானே?"

முப்பது வருஷம் சேலம் வண்டியில் கண்டக்டர். சேலம் போகும்போது மலை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? வலது. முடிந்தது பேச்சு.

பிப். 7, வெள்ளி

எடுத்துப்போக: பேரனுக்கு வெள்ளி அரைஞாண். வரகரிசி 2 கிலோ. முட்டி தைலம். என் பி.பி. மாத்திரை. ஸ்டெல்லாவின் தூரப்பார்வைக் கண்ணாடி - இரண்டு தடவை துடைத்து வைத்துவிட்டாள்.

பிப். 10, திங்கள்

சின்ன விமானம். பக்கத்துக்கு இரண்டு சீட். ஸ்டெல்லாவுக்கு ஜன்னல், பக்கத்தில் நான். வானம் பளிச்.

அரை மணி கழித்து அவள் பக்கம் ஒரு மலை, கீழே தண்ணீர். "அதோ நம்ம மலை, அது கோமுகி டேம்" என்றேன் பெருமையாக. "அப்படிங்களா" என்றாள்.

அந்த நேரம் இடப்பக்க ஜன்னல்காரர், பக்கத்து ஆளிடம்: "கல்வராயன் மலைங்க! மொத்தமா தெரியுது பாருங்க!"

பஸ் ரோடு மலைக்குத் தெற்கே, பிளேன் வடக்கே. எழுந்து, "சார், இவங்க ஒரு நிமிஷம் பார்த்துக்கட்டும்" என்று கேட்டிருக்கலாம். கைக்குழந்தைக்காரி ஏறினால் எத்தனை பேரை அதட்டி எழுப்பியிருக்கிறேன்! என் பெண்டாட்டிக்காக ஒருத்தரை எழுப்ப வாய் வரவில்லை. கேட்டால் நான் தப்பு என்றாகிவிடுமே. வெட்கங்கெட்டவன்.

ஸ்டெல்லா திரும்பவேயில்லை. இறங்கும் வரை வலப்பக்கக் கண்ணாடியிலேயே முகம். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ. சர்க்கரை ஜாஸ்தி.

பிப். 11, செவ்வாய்

உடம்பு அடித்துப்போட்ட மாதிரி. பாய் கேட்டார்: "இன்னா கண்டக்டரே, மலைய பாத்தீங்களா?" பார்த்தோம் என்றேன்.

மத்தியானம் ஸ்டெல்லா அடுப்படியில் போனில். வெள்ளிமலையில் கூட வேலை பார்த்த லூர்து டீச்சர்.

"பாத்தேன் லூர்து. நல்லா தெரிஞ்சிது... ஆமா, அவருதான் பாத்து பாத்து சீட்டு எடுத்துக் குடுத்தாரு... ஸ்கூலா? அது சின்னதா, ஓட்டு கலர்ல..."

வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன். ஒன்றும் பார்க்காதவள், என் மானத்துக்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டு நிறம்கூடச் சொல்கிறாள்.

பிப். 13, வியாழன்

பனி குறைவு. மோட்டார் சரியானது.

காலையில் சொல்லியேவிட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சீட்டு நான்தான் தப்பா எடுத்தேன். நீ சொன்னதுதான் சரி."

"தெரியும்ங்க."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"சீட்டு கெடக்குதுங்க." கத்தி நிற்கவில்லை. "அந்த மனுவுல என் கையெழுத்த போடறதுக்கு முன்ன, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பதினாறு வருஷத்தில் முதல் தடவை. குரலில் கோபம்கூட இல்லை. பிரின்சி படிப்பு, என் ராத்திரி டியூட்டி, சமையல் - வழக்கமான பதில்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. 

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.