அம்மாவின் குரல் இடது பக்கம் இருந்தது

இன்று காலை வீட்டுத் திரையில், படம் ஓட்டும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு எழுந்தது. சரி என்று அழுத்தினேன். சிறிது நேரம் ஒரு வட்டம் சுழன்றது. பிறகு ஒலி அமைப்புப் பக்கம் திறந்து, எத்தனை ஸ்பீக்கர், எது எந்த மூலையில் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டது. பட்டியலின் கீழே, இரு பக்க ஒலியையும் ஒன்றாக்குவதற்கு ஒரு சின்னச் சதுரம். வெளியே கெலிஓயா மேல் மழை மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சதுரத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. நீங்கள் காலமாகி ஒரு வருடமாகிறது.

நீங்கள் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்து, மஹய்யாவ மேட்டில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தீர்கள். நான் கணினி திருத்துகிற கடைக்காரன். உங்கள் கணினியைப் பார்க்க வந்து, தேநீர் குடித்து, அப்படியே நண்பனாகிப்போனேன். நீங்கள் என்னை 'நீர்' என்பீர்கள். நான் கடைசிவரை 'நீங்க' என்பதை விட்டு இறங்கவில்லை.

உங்கள் அறையில் ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும் ஒரு பெரியதும் இருந்தன. ஆசையாக வாங்கியவை. ஆனால் அவை ஒருநாளும் பேசியதில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, ஹெட்போன் மாட்டித்தான் படம் பார்ப்பீர்கள். சண்டை மறுபடி மூண்டிருந்த வருடங்கள் அவை. பஸ்ஸில் தமிழைத் தாழ்த்திப் பேசினோம். உங்களை இரண்டு தடவை விசாரணைக்குக் கூட்டிப்போய் அனுப்பியிருந்தார்கள். தமிழ்ச் சத்தம் வீதிக்குக் கேட்க வேண்டாம் என்பது உங்கள் ஏற்பாடு. பகலிலும் அரையிருட்டான அந்த அறை, தண்ணீருக்குள் இருப்பது போலிருக்கும். படத்தில் ஆட்கள் சத்தமின்றிச் சிரிப்பார்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நான் கதையைப் புரிந்துகொள்வேன்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்கான பாதையை மூடிய பிறகு, ஊரிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் உங்களுக்கு ஒரு டிவிடி கொண்டுவந்து கொடுத்தார். அதில், ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் சின்னக் கமராவில் எடுத்த உங்கள் அம்மா. இரண்டு கிழமை கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். படம் வருகிறது, சத்தம் இல்லை, மென்பொருள் பழசாகிவிட்டது போல என்றீர்கள். அம்மா சிரித்துக்கொண்டு கை அசைக்கிறா, நல்லாய்த்தான் இருக்கிறா, அது போதும் என்றும் சொன்னீர்கள். உங்கள் குரலில் அப்படியொரு ஆறுதல்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் பகலில் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பழையதை நீக்கி, புதியதைப் போட்டு, ஹெட்போனை முதலில் நானே மாட்டிப் பார்த்தேன். இடது காதுக்குள் ஒரு பெண் குரல் தெளிவாகப் பேசியது. வலது பக்கம் ஒன்றுமில்லை. கமராவோடு செருகிய மைக் ஒரு பக்கத்தில் மட்டும் பதிந்திருக்கிறது என்று விளங்கியது. அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஹெட்போனை உங்களிடம் தந்தேன்.

"கேக்குதா?"

"இல்லை."

திரும்ப நான் மாட்டினேன். கேட்டது. உங்களுக்கு மாட்டினேன். இல்லை. வயரை ஆட்டினேன், ஒலியைக் கூட்டினேன். கடைசியில் புதிய பதிப்பின் ஒலிப் பட்டியலுக்குள் போய், இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் சதுரத்தில் சரி போட்டேன். நீங்கள் கதிரையில் நிமிர்ந்தீர்கள். கை மெதுவாக எழுந்து வலது காதோடு ஹெட்போனை அழுத்திப் பிடித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே உட்கார்ந்தாலும் என்னை உங்கள் வலது பக்கம் வைத்துக்கொண்டது ஏன் என்று. பிறகு சொன்னீர்கள். இளவயதில், கலவரத்தின்போது, கடுகண்ணாவைக்குக் கிட்ட ரயிலிலிருந்து இறக்கி அடித்தார்களாம். அன்றைக்குப் போனது அந்த இடது காது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சுற்றிவர ஸ்பீக்கர் வைத்தால் அந்தப் பக்கமும் ஏதாவது கேட்குமோ என்ற ஆசையில்தான் அத்தனையையும் வாங்கினீர்களாம். இதை நீங்கள் வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தாலே போதும் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் என் புத்திக்கு எட்டியது.

அந்தப் பகலில், அம்மா பேசியது முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, ஹெட்போன் வயரைக் கழற்றினீர்கள்.

"இதை எல்லா ஸ்பீக்கரிலயும் விடும்."

வெளியே கேட்கும் என்றேன். பரவாயில்லை என்றீர்கள். அமைப்பை மாற்றினேன். ஆறு பெட்டிகளும் முதல்முறையாக விழித்தன. அறையின் நாலு மூலையிலிருந்தும் உங்கள் அம்மா பேசினார்.

"தம்பி, எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இஞ்ச வராதை. என்ன கேள்விப்பட்டாலும் வராதை, ராசா. அங்கயே இரு."

சொற்களுக்கு நடுவே மூச்சு இழுத்தது. அது படத்தில் தெரியாதது. சிரிப்பென்று நாம் பார்த்தது மூச்சுக்காக வாய் திறந்தது. கையசைப்பென்று பார்த்தது வராதே என்ற கை.

யன்னலுக்கு வெளியே நிழல் ஆடியது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்; பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலியருகே நின்றார். நான் ஒலியைக் குறைக்கக் கை நீட்டினேன். அவர், "அம்மாத?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். நீங்கள் தலையசைத்தீர்கள். ஒரு சொல்லும் விளங்காமலே, முடியும்வரை அங்கேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"நான் போகப் போறன்," என்றீர்கள்.

"வர வேணாம்னுதானே சொல்றாங்க. இப்ப எப்படிப் போவீங்க?"

"என்ர அம்மா ஒருநாளும் என்னை வராதை எண்டு சொன்னதில்லை. சொல்லிறா எண்டால், நான் போகத்தான் வேணும்."

நான் மறித்தேன். அன்றும், அடுத்த கிழமையும். அனுமதிக்காக நீங்கள் அலைந்த நாட்களெல்லாம் எனக்குள் ஒன்று அரித்தது. அந்தச் சதுரத்தில் சரி போடாமல் விட்டிருந்தால் நீங்கள் ஆறுதலாகவே இருந்திருப்பீர்கள். திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியதாகச் செய்தி வந்தது. பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை. கடையில் யார் தொலைபேசி எடுத்தாலும் நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு எடுப்பேன்.

மெலிந்து, நரைத்துத் திரும்பி வந்தீர்கள். ஐந்து மாதம் அம்மாவோடு இருந்ததாகவும், தலை உங்கள் மடியில் இருக்கும்போதே உயிர் போனதாகவும் சொன்னீர்கள். மிச்ச மாதங்கள் திரும்பிவரும் அனுமதிக்குக் காத்திருந்தவை. ஏன் வந்தாய் என்று அம்மா முதல்நாள் முழுக்க ஏசினாராம். இரண்டாம் நாள், உங்களைத் தவிர யார் கையாலும் கஞ்சி குடிக்க மாட்டேன் என்றாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் விடவில்லை.

"சத்தம் இல்லாத அந்த ரெண்டு கிழமையும் நான் நிம்மதியா இருந்தன். அது எவ்வளவு பிழை எண்டு உமக்குத் தெரியுமே?"

போன மாதம் புத்தளத்திலிருந்து என் மகள் பேசினாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. எல்லாம் நல்லாயிருக்கு, நீங்க இந்த மழைக்குள்ள வர வேணாம் வாப்பா என்றாள். சரி மகள் என்று தொலைபேசியை வைத்தேன். சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை மனதுக்குள் திரும்ப ஓடவிட்டேன். பிறகு எழுந்து, அலுமாரியிலிருந்து இரண்டு சட்டையை எடுத்துப் பையில் வைத்தேன். விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி நான் போய் இறங்கியபோது, வாசலில் நின்று ஏன் வந்தீங்க என்று கேட்டவள், கேட்டு முடிக்குமுன் என் தோளில் விழுந்து அழுதாள்.