மடியிலேயே கிடந்த கை

அன்பு சாமுவேல், என் மச்சான்,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோடை மறுபடி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நம் நகர் நலச்சங்கம் கூடுகிறது, போன கோடையில் நீ கொண்டுவந்த அதே தீர்மானம்.

"வாங்குறப்ப கிரவுண்டு கணக்கு, குடுக்குறப்ப தலைக் கணக்கு" என்றாய். நிலம் அதிகம் வைத்திருப்பவர் தண்ணீர் லாரிக்கு அதிகம் தரவேண்டும். தண்ணீர் மட்டும், வாடகைக்கு இருப்பவர் உட்பட, ஆளுக்கு ஒரே அளவு. நீ வேலை பார்த்த வரி ஆபீஸில் பணக்காரர்களின் செல்வ வரி ஃபைலைத் தூக்கித் தூக்கி உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மேலத் தெருவே சிரித்தது. "சும்மா குந்திகினு கீறவனுக்கும் எனக்கும் ஒரே தண்ணியா? இன்னா ஞாயம்பா இது?" என்று என் பெரியப்பா மகன் முருகேசன் கத்தினான். நீ பொறுமையாக, "தாகமும் ஒண்ணுதானேண்ணா" என்றாய்.

முடிச்சூரில் நம் நகர் மனையெல்லாம் முன்பு எங்கள் வயல். பள்ளத்துக் கிணறு உப்பு என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பள்ளத்தை மனை போட்டு விற்றேன், நல்ல தண்ணீர் இருந்த மேட்டை வைத்துக்கொண்டேன். உனக்கும் பள்ளத்தில்தான் அரை கிரவுண்டு. கூடப் படித்தவனிடம் ஒரு வார்த்தை சொன்னேனா?

கை தூக்குகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் முருகேசன் என்னையே பார்த்தான். கை மடியிலேயே கிடந்தது. ஒரே ஒரு கை குறைந்து தோற்றாய். திரும்பி வரும்போது என் தோளைத் தட்டி, "விடு மச்சான், கை வலி போல" என்று சிரித்தாய். திட்டியிருக்கக் கூடாதா? மறு மாசமே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரி ரோஸி இப்போது தினமும் காலையில் என் கிணற்றடிக்கு வருகிறாள். "ரெண்டு கொடம் போதும்ணா" என்று தலை நிமிராமல் சொல்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடும்மா என்றாலும் கேட்பதில்லை. கேட்டு வாங்குவது வேறு, பங்காக வருவது வேறு என்று நீ சொன்னது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. என் கிணறு இன்னும் இனிக்கிறதடா. அதுவாவது வற்றித் தொலைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனோ என்னவோ.

முருகேசன் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத் திறந்துவிட்டான், வீட்டில் கலர் டிவி. லாரிக்குக் கூடுதலாகத் தர மட்டும் அவனிடம் இல்லையாம். அவனைச் சொல்ல நான் யார்? சங்கப் பதிவேட்டில் என் பெயரில் நாலு கிரவுண்டுதான். மாமனார் பெயரில் எழுதி வைத்த ஏழும் உனக்குத் தெரியும். கடைசி வரை நீ வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் எழுந்திருப்பேன். உப்பென்று தெரிந்தே விற்றதை ரோஸி முன்னால் சொல்வேன். என் நிலம் பதினொரு கிரவுண்டு என்று சொல்வேன். பிறகு கையைத் தூக்குவேன், எண்ணி முடிக்கும் வரை இறக்கமாட்டேன். தோற்றாலும் பதினொன்றுக்கும் லாரிப் பணம் கட்டுவேன். இது உன்மேல் சத்தியம்.

கையில் வலி எதுவும் இல்லாத
உன் மச்சான்,
மேலத் தெரு ஏகாம்பரம்