சொன்ன ஆழம்

பதிவு 31
பிப்ரவரி 11, காலை

கலம் சீராக இறங்குகிறது. மூக்குச் சூடாக்கி நல்ல நிலை. கேபிள் இழுவை சரி. உள்ளே குளிர், தாங்கலாம். காலை உணவு பாக்கெட் உப்புமா. கரண்டி வளைந்தது, உப்புமா வளையவில்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு ஒரு அறிமுகம். என் பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டைக்காரி, பனி ஆய்வாளர். இடம் யூரோப்பா, வியாழன் கிரகத்தின் நிலா. இந்த நிலா முழுவதையும் பனி மூடியிருக்கிறது. அந்தப் பனியை உருக்கிக்கொண்டே கீழே போகும் ஒற்றை ஆள் கலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வந்த வழி பின்னாலேயே உறைந்து மூடிக்கொள்ளும். மின்சாரமும் பேச்சும் மேலே உள்ள நிலையத்திலிருந்து ஒரே கேபிளில் வருகின்றன. கேபிள் உருளை என் கலத்துக்குள் இருக்கிறது. நான் இறங்க இறங்க அவிழும்; மேல்பக்கத்துப் பனியை உருக்கி ஏறும்போது திரும்ப உள்ளே வரும். எவ்வளவு அவிழ்ந்தது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆழத்தைத் தானாக அனுப்பும் கருவி முன்பே பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய நான் ஒன்றும் பறக்கவில்லை. ஆக, நான் வாயால் சொல்வதுதான் ஆழம்.

மேலே இருப்பது இரண்டு பேர். நிலையத் தலைவர் ஸ்டீபன் ஞானராஜ், நாசரேத்காரர், எங்களுக்கு அண்ணாச்சி. பொறியாளர் நிஜாமுதீன், மேலப்பாளையம். மூன்று பேரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். ஒரே மொழியில் சண்டை போடுபவர்கள் சீக்கிரம் சமாதானமாகிவிடுவார்கள் என்று தேர்வுக் குழு கணக்குப் போட்டதாம். பாதி சரி. சண்டை நிறைய வந்தது.

அண்ணாச்சியிடம் சொன்ன ஆழம் 1700 மீட்டர்.
உண்மையான ஆழம் 1900.

பதிவு 32
பிப்ரவரி 11, பிற்பகல்

மேலே எழுதியது தட்டச்சுப் பிழை இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் இருநூறு குறைத்துத்தான் சொல்லிவருகிறேன். முதல் முறை எண்ணைத் திக்கித் திக்கிச் சொன்னேன். இப்போது நாக்குக்குப் பழகிவிட்டது.

காரணம் இது. எங்களுக்கு அனுமதித்த எல்லை 2000. அதற்குக் கீழே பனி நெளிகிறது, கேபிள் தாங்காது என்பது பூமியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் அபிப்பிராயம். 2100-இல் ரேடார் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டுகிறது. பனிக்குள் அடைபட்ட திரவத் தண்ணீர், அதற்குக் கீழே மறுபடி பனி. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு நாட்டு நிலையமும் இதே தண்ணீரை நோக்கித் துளைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு எல்லையைத் தாண்ட விடாத அண்ணாச்சி மாதிரி ஒருவர் இல்லையென்றால் இன்னும் பத்து நாளில் தொட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வந்தவரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. முதலில் தொடுகிறவளின் பெயர் நிற்கும். எனக்கு அது வேண்டும். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? இந்த வெறி இல்லாவிட்டால் நான் வங்கித் தேர்வு எழுதி, தூத்துக்குடி கிளையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அடக்கமாக இருந்தவர்களில் ஒருவரும் வியாழன் வரை வரவில்லை.

நிஜாமுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவனுக்கு உருளையில் கேபிள் ஒழுங்காகச் சுற்றியிருந்தால் போதும், அன்றைக்குப் பெருநாள். நான் மேலே வந்ததும் உருளையை அவன்தான் சுத்தம் செய்து திரும்பச் சுற்றுவான். யாரையும் அருகில் விடமாட்டான். செல்லப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி இருக்கும்.

பதிவு 33
பிப்ரவரி 12, காலை

தண்ணீர்.

2100-இல் கலத்தின் மூக்கு வெற்றிடத்தைத் தொட்டது மாதிரி ஒரு குலுக்கல். விளக்கைப் போட்டேன். கறுப்புத் தண்ணீர், அசையாமல். மாதிரி எடுக்கும் குழாயை இறக்கினேன். வந்தது தண்ணீர் மட்டுமில்லை. பழைய சோற்றுத் தண்ணீரின் மேல் படியுமே ஓர் ஆடை, அது மாதிரி மெல்லிய படலம். விளக்கைக் காட்டினால் சுருங்குகிறது. விலக்கினால் விரிகிறது. பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும்.

உயிர். பூமிக்கு வெளியே முதல் உயிர். அதை முதலில் பார்த்தவை என் கண்கள்.

தனியாக உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரித்தேன். இப்போது அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் வெப்பப் பெட்டியில் இருக்கிறது. உறைந்தால் செத்துவிடும் என்று நினைக்கிறேன், ஆகவே உறைநிலைக்குச் சற்று மேலே வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி ஆழம் கேட்டார். 1900 என்றேன். தண்ணீரைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் ஆழம் வெளியே வந்துவிடும், இப்போதே ஏறு என்பார். இன்னும் இரண்டு மாதிரி எடுத்துக்கொண்டு, மேலே போய், பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லலாம். அப்போது யார் திட்டினாலும் காதில் விழாது.

பதிவு 34
பிப்ரவரி 12, பிற்பகல்

பனி நகர்ந்தது. பெரிய சத்தம். கலம் பக்கவாட்டில் சாய்ந்தது. கேபிள் அறுந்துவிட்டது.

மூக்குச் சூடாக்கி அணைந்தது. கலத்தைச் சுற்றிப் பனி இறுகிவிட்டது. கதவைத் திறக்க முடியாது, திறந்தாலும் போக இடமில்லை. கால் நீட்ட முடியாத பெட்டி. நெற்றிக்கு ஒரு முழம் மேலே உலோகம். அதற்கு மேலே இரண்டு கிலோமீட்டர் பனி.

பேட்டரி இருக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் தனிப் பேட்டரியில் ஓடுகிறது, அதைத் தொடக்கூடாது. மற்றதில் மூன்று வேலைகள்: அறைச் சூடு, வெப்பப் பெட்டி, இந்தக் கணினி.

நெளியும் என்று சொன்ன இடத்தில் பனி நெளிந்திருக்கிறது. நாற்காலிக்காரர்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்குக் கசக்கிறது.

பதிவு 35
பிப்ரவரி 13, காலை

பேச்சு வந்தது. நிலையத்தில் பனியைத் தட்டிப் பேசும் பெரிய கருவி ஒன்று உண்டு. அது பேசுவதைக் கேட்க எனக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. அண்ணாச்சியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல:

"இசக்கி, கேக்கியாம்மா? கேபிள் அறுந்துட்டுன்னு தெரியுது. பயப்படாத. ரெண்டாவது கலத்த எடுத்துட்டு நிஜாம் வாரான். உனக்குப் பக்கத்துலயே புதுசா வழி உருக்கி இறங்குவான். உன் ஆழத்துக்கு வந்ததும் பக்கவாட்டுல திரும்பி உன்கிட்ட வருவான். அவன் கேபிள் ஒரு திருப்பத்துக்குத்தான் காணும். ஆழம் தப்பிட்டுன்னா மறுபடி முயற்சி பண்ண முடியாது. நீ கடைசியாச் சொன்னது 1900. அதுலதான் திரும்பப் போறான்."

ஸ்பேனரை எடுத்துச் சுவரில் அடித்தேன், கை வலிக்கும் வரை. பயனில்லை. இந்தப் பனி ஓயாமல் நெறிபடுகிறது. என் தட்டல் அதில் கரைந்துபோகும். சத்தம் வரும் திசையைக் கொண்டும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. விரிசல்களில் மோதி எங்கெங்கோ திரும்புகிறது.

என்னிடமும் ஒரு சின்னத் தட்டுக்கருவி இருக்கிறது. பேச்சு அனுப்பாது. ஓர் எண்ணை மட்டும் அனுப்பும், நான்கு இலக்கம். அதற்கே பேட்டரியை உறிஞ்சிவிடும். வெப்பப் பெட்டியின் பங்கை எடுத்தால் ஒரு முறை அனுப்பலாம்.

எடுத்தால் படலம் உறைந்துவிடும்.

பதிவு 36
பிப்ரவரி 13, பிற்பகல்

யோசிக்க ஒன்றுமில்லை. எண்ணை அனுப்பாவிட்டால் நிஜாம் என் தலைக்கு இருநூறு மீட்டர் மேலே திரும்புவான். நானும் சாவேன், பெட்டியும் உறையும். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆனாலும் அரைநாள் யோசித்தேன். விளக்கைக் காட்டினேன், சுருங்கியது. விலக்கினேன், விரிந்தது. உறைந்துவிட்டால் இது வெறும் அழுக்கு. செத்த அழுக்கைக் காட்டி, இது உயிரோடு இருந்தது என்று சொல்லும் பெண்ணை யார் நம்புவார்கள்? அதுவும் ஆழத்தையே மாற்றிச் சொன்னவளை? இதற்கு நடுவில் ஸ்பேனரால் இன்னும் நூறு முறை அடித்துப் பார்த்தேன், ஒருவேளை யாருக்காவது கேட்டுவிடும், எதையும் இழக்காமல் தப்பித்துவிடலாம் என்று. இவ்வளவு தூரம் என்னைக் கொண்டுவந்த அதே குணம், கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

பிறகு பெட்டியின் இணைப்பைக் கழற்றினேன். 2100 என்று அனுப்பினேன். முழு உண்மை. யூரோப்பாவுக்கு வந்தபின் நான் சொன்ன முதல் சரியான ஆழம்.

படலம் மெதுவாக வெளுத்தது. விளக்கைக் காட்டினேன். அசையவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் கேட்டால் அதற்குப் புரியுமோ.

பதிவு 37
பிப்ரவரி 14, காலை

பதில் வந்தது. 2100 கிடைத்துவிட்டது. எல்லையைத் தாண்டியதற்கு அண்ணாச்சி திட்டினார், திட்டும்போதே குரல் உடைந்தது. அவ்வளவு இனிமையான திட்டை வாழ்நாளில் வாங்கியதில்லை.

நிஜாம் இறங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கேபிள் மின்சாரம் இருப்பதால் அவன் தட்டுக்கருவி பேச்சையே அனுப்பும்; அதைத் திறந்தே வைத்திருக்கிறான். அண்ணாச்சியோடு பேசுவது எனக்கும் கேட்க வேண்டுமாம், துணையாக இருக்குமாம். ஊர்க் கதை, உப்புமாவைப் பற்றிய புகார், என்னைப் பற்றிய கேலி. பாதி காதில் விழுகிறது. பாதி போதும். பிழைத்துவிடுவேன் என்று முதல் முறையாக நம்புகிறேன்.

பெயர் போகட்டும். மேலப்பாளையத்துக்காரன் ஒருவன் என்னைத் தேடி இறங்கி வருகிறான். அதுவே பெரிய விஷயம்.

பதிவு 38
பிப்ரவரி 14, நண்பகல்

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

நிஜாம்: "அண்ணாச்சி, நான் 2300லதான் திரும்பப் போறேன்."

அண்ணாச்சி: "ஏல, அவ 2100ன்னுலா அனுப்பிருக்கா."

நிஜாம்: "ஒவ்வொரு தடவையும் உருளையச் சுத்தயில பாப்பேன். அவ சொன்னத விட இருநூறு மீட்டர் கூடுதலா அவிழ்ந்திருக்கும். ஒரு தடவகூடத் தப்புனதில்ல. உங்ககிட்டச் சொன்னா அவள இறங்க விடமாட்டீங்கன்னு சொல்லல. அவ சொல்லுததோட இருநூறக் கூட்டி நானா கணக்கு வச்சுக்கிடுவேன். அவ 1900ன்னு கடைசியாச் சொன்னப்பவே 2100ல இருக்கான்னு எழுதி வச்சிருந்தேன். அங்கதான் திரும்பலாம்னு இருந்தேன். இப்ப அவளே 2100ங்கா. அப்போ 2300."

அண்ணாச்சி: "சாகக் கிடக்கயிலயுமா குறைச்சுச் சொல்லுவா?"

நிஜாம்: "அது பொய் இல்ல அண்ணாச்சி, பழக்கம். நூறு தாண்டுனேன்னு ஒத்துக்கிட்டு மிச்சத்த மறைப்பா. எனக்கு அவளத் தெரியும்லா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அவன் நேராக என்னிடம் வந்திருப்பான். படலமும் உயிரோடு இருந்திருக்கும்.

பதிவு 39
பிப்ரவரி 14, பிற்பகல்

அறைச் சூட்டின் பங்கை எடுத்தால் இன்னொரு எண் அனுப்பலாம். சூடு போனால் அதிக நேரம் தாங்க மாட்டேன். ஆனால் நிஜாம் வந்துவிட்டால் அதிக நேரம் தேவைப்படாது.

எந்த எண்? மறுபடி 2100 என்றால், பிடிவாதக்காரி என்று சிரித்துவிட்டு மறுபடியும் கூட்டுவான். அவன் கணக்கு கல்லில் வெட்டியது. ஆகவே அந்தக் கணக்குக்குள்ளேயே போக வேண்டும். 1900 என்று அனுப்பினால் இருநூறு கூட்டுவான், 2100-இல் திரும்புவான். என்னை நம்பாதவரை எனக்கு ஆபத்தில்லை.

அனுப்பிவிட்டேன். 1900.

பதிவு 40
பிப்ரவரி 14, நேரம் தெரியவில்லை

குளிர். விரல் மரத்துவிட்டது. எழுத்து விட்டுப்போனால் சேர்த்துப் படிக்கவும்.

நிஜாம் குரல் கேட்டது. அருகில், தெளிவாக.

"அண்ணாச்சி, ரெண்டாவது எண்ணு வந்துட்டு. 1900. கேபிள் அறுந்துபோறதுக்கு முந்தி சொன்ன அதே எண்ணு. மூச்சு நிக்கப் போற நேரத்துல கையில உள்ள கடைசிச் சூட்டையும் போட்டு ஒருத்தி பொய் சொல்லுவாளா? முத வந்த 2100 தட்டுனதுல ஏதோ பிசகு. இவ்வளவு நாளும் அவளச் சந்தேகப்பட்டே இருந்துட்டேன், பாவி. கூட்டல் ஒண்ணும் வேண்டாம். 1900லயே திரும்புதேன். இசக்கி, கேக்கியா? இந்தத் தடவ நீ சொன்னத அப்படியே நம்புதேன், புள்ள."

அண்ணாச்சி சரி என்றார். சத்தம் என் தலைக்கு மேலே பக்கவாட்டில் போகிறது. பனி உருகுகிற சத்தம். நல்ல பொறியாளன், நேராகப் போகிறான்.

ஸ்பேனரால் அடிக்கிறேன். விழுகிறது, எடுக்கிறேன், அடிக்கிறேன்.

நம்பாதே நிஜாம். இன்றைக்கு மட்டும் நம்பாதே. கூட்டு. இருநூறு கூட்